கொம்புக்காரன் சொன்ன சொல்

டிசம்பர்க் கோடை பிறந்துவிட்டால் டர்பன் கடற்கரையில் ரிக்‌ஷா இழுப்பவனுக்கு இரண்டு வேலை. ஏறினவர்களை அலற வைக்க வேண்டும். ஏறாதவர்களை நகரவிடாமல் நிறுத்தி வைக்க வேண்டும். முதல் வேலைக்குக் கால் போதும். இரண்டாவதற்கு வாய் வேண்டும்.

ஃபலாக்கே ஸுங்குவுக்குக் கால் முதலிலேயே இருந்தது. மலைச்சரிவில் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போன கால். வாயை ஒரே பருவத்தில் பழக்கிக்கொண்டான். தலையில் நான்கு மாட்டுக்கொம்பு செருகிய மகுடம், முதுகு முழுக்கப் பாசிமணிச் சரம், முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாயக்கோடு. அப்படியே நாலு தாவு தாவி, ஐந்தாவதில் வண்டியைப் பின்னால் சாய்த்துத் தானும் அந்தரத்தில் தொங்குவான். உட்கார்ந்திருப்பவர்களின் கால் வானத்தைப் பார்க்கும். ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கத்துகிற கத்தலில் மணலில் படுத்திருப்பவர்கள் எழுந்து உட்காருவார்கள்.

அதற்குள் அடுத்த கும்பல் கைநீட்டிக்கொண்டு நிற்கும். விட்டால் வேறு வண்டிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான். ஓடுகிற ஓட்டத்திலேயே திரும்பி, நெஞ்சில் கைவைத்து ஃபலாக்கே சொல்வான்:

"இங்கயே இருங்க, நகராதீங்க! சுத்திட்டு வந்து உங்களத்தான் ஏத்துவேன்!"

யாரிடம் சொன்னோம் என்று அவன் பார்த்ததில்லை. பாதிப் பேர் நிற்பார்கள். மீதிப் பேர் ஐஸ்கிரீம் வாங்கப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது எதிரே யார் நிற்கிறார்களோ அவர்களை ஏற்றிக்கொள்வான். தொழில் அப்படி.

இருபத்தாறு வயது. அவன் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் அவன்தான். மண்ணியல் படித்தான். பட்டம் வாங்கின அன்று வாடகை அங்கியில் எடுத்த படம் அம்மாவின் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வேலைக்கு எழுதிப்போட்டு எழுதிப்போட்டு அலுத்த பிறகு, பக்கத்து ஊர் மகுபானே, பதினைந்து வருடமாக வண்டி இழுப்பவர், "சும்மா இருக்கிற காலைக் கொண்டாடா" என்று கூட்டி வந்தார். அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருப்பது, "பையனுக்குக் கடல்கிட்ட உத்தியோகம்." பொய்யில்லை.

அங்கியையும் தொப்பியையும் திருப்பிக் கொடுத்தபோது தொப்பியின் கறுப்புக் குஞ்சம் மட்டும் எப்படியோ அவன் பையில் தங்கிவிட்டது. மகுடம் கட்டின அன்று அதை இடதுபக்கக் கொம்பின் நுனியில் தைத்தான்.

"என்னடா இது, மாட்டு வாலா?" என்றார் மகுபானே.

"பட்டம்ணே. எங்க மாட்டணுமோ அங்க மாட்டிட்டேன்."

மகுபானே கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து அவர் வாயில் அவன் பெயர் பட்டதாரிதான்.

இரண்டாவது கோடையில், புத்தாண்டுக்கு முந்தின சனிக்கிழமை, கடலிலிருந்து மூடுபனி ஈரப்புகையாக ஏறி நடைபாதையை மூடிக்கொண்டிருந்தது. ராட்டினத்தின் மேல்பாதி தெரியவில்லை. புத்தாண்டுக் கச்சேரிக்குப் போட்ட மேடையில் ஒருவன் ஒலிபெருக்கியைத் தட்டிக்கொண்டிருந்தான். மூடின புகைக்குள்ளும் கூட்டம் குறையவில்லை. உள்நாட்டிலிருந்து வந்த பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஊரில் இருப்பவர்களுக்கு மருந்தாக ஐந்து லிட்டர் குப்பியில் கடல்தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கைப்பிடிக் கம்பியோரம் ஒரு பெண்ணும் ஒரு பெரியவரும் நின்று வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பெண்ணுக்கு இருபது இருக்கும். சட்டைத் தோளில் கறுப்புத் துணித்துண்டு குத்தியிருந்தாள். துக்க வீடு. பெரியவர் இந்த வெயில் காலத்திலும் கோட்டு போட்டிருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றின நீளமான ஏதோ ஒன்று.

ஃபலாக்கேயின் மகுடத்தைக் கண்டதும் அவள் பெரியவரின் கையைப் பிடித்தாள்.

"மாமா, இதான். இடது கொம்பு பாருங்க."

"ஏறுங்கய்யா ஏறுங்க!" என்று ஃபலாக்கே ஒரு குதி குதித்தான். "தங்கச்சியும் ஏறட்டும். மேகத்துக்கு மேல கொண்டு போய் இறக்குறேன்!"

யாரும் சிரிக்கவில்லை. குதித்த கால் தரையைத் தொட்டபோது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"அண்ணே, எம்பேரு நோக்வாஸி. டண்டிப் பக்கத்துலேர்ந்து வர்றோம். இவரு எங்கம்மாவோட அண்ணன்," என்றாள். "போன புத்தாண்டுக்கு எங்கம்மா சீட்டுக்கூட்டத்துப் பொம்பளைங்களோட பஸ் புடிச்சு இங்க வந்தாங்க. கடலையே அன்னைக்குத்தான் மொத மொதல்ல பாத்தாங்க. சாயங்காலம் ஒரு அலை வந்து இழுத்துட்டுப் போயிடுச்சு. மறுநாள் காலையில கெடைச்சாங்க."

"அய்யோ," என்றான் ஃபலாக்கே. "நான் என்ன செய்யணும் தங்கச்சி?"

"பிப்ரவரியில கிளை கொண்டுவந்து கூட்டிட்டுப் போனோம். மாமாதான் கையில புடிச்சிருந்தாரு. அம்மா வரல."

அவனுக்கு விளக்கவேண்டியதில்லை. வெளியூரில் செத்தவர்களை யாராவது போய் அழைத்து வரவேண்டும். செத்த இடத்தில் காட்டிலந்தைக் கிளையை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கிளையில் ஏற்றி, வழியில் செத்தவரோடு மட்டும் பேசிக்கொண்டு வீடுவரை வரவேண்டும். அவன் தாத்தாவைச் சுரங்கத்திலிருந்து அப்படித்தான் கொண்டுவந்தார்கள். அப்போது நம்பினான். கல்லூரிக்குப் போன பிறகு நம்புகிறேனா என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் தள்ளிவைத்திருந்தான்.

"வரலேன்னு எப்படித் தெரியும்?"

"கனவுல வர்றாங்க. இந்தக் கம்பிகிட்டத்தான், செருப்பக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. வாம்மான்னா வரமாட்டேங்கிறாங்க. 'கொம்புக்காரரு நகரக்கூடாதுன்னுட்டுப் போயிருக்காரு, சுத்திட்டு வந்து என்னத்தான் ஏத்துவாரு'ங்கிறாங்க. இடது கொம்புல மாட்டு வால் மாதிரி கறுப்பு நூல் தொங்குமாம்."

ஃபலாக்கேயின் கை தானாக மேலே போய்க் குஞ்சத்தைத் தொட்டது. ஈரமாக இருந்தது.

அவள் பையிலிருந்து ஒரு மூக்குப்பொடி டப்பாவை எடுத்து, அவன் உள்ளங்கையில் கவிழ்த்தாள். மணல். "சனிக்கிழமை சனிக்கிழமை சமையக்கட்டப் பெருக்கினா இது வருது. எங்க ஊருல செம்மண்ணு. நிலக்கரிப் பொடி. இது எங்கேர்ந்துண்ணே வருது?"

விரலால் தேய்த்துப் பார்த்தான். நாலு வருடம் அவன் செய்த வேலையே அதுதான். உருண்டு வழவழத்த மணி, நடுவில் சிப்பித் தூள். ஆற்றுமணல் இல்லை. இவன் நிற்கிற இந்தக் கரையின் மணல்.

"பிப்ரவரியில வந்தப்ப செருப்புல ஒட்டிட்டு வந்திருக்கும்," என்றான். சொல்லும்போதே அந்தச் சொல் நிற்காது என்று தெரிந்தது.

"பத்து மாசமாவா?"

போனில் படம் காட்டினாள். மஞ்சள் தலைத்துணி கட்டின பெண், பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டியோடு. பெயர் கோன்ஸெனி. ஃபலாக்கே வெகுநேரம் பார்த்தான். இந்த முகத்தைப் பார்த்ததாகவும் தோன்றியது, பார்க்காததாகவும் தோன்றியது. அன்றைக்கு எத்தனை மஞ்சள் தலைத்துணி.

"தங்கச்சி, நான் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவேன். அது சும்மா ஒரு பேச்சு. மறைக்காம சொல்றேன், இதையெல்லாம் நம்புறேனான்னே எனக்குத் தெரியல."

மாமா குறுக்கிட்டார். "நீ நம்புறியான்னு யாருப்பா கேட்டா? சொன்னியா, சொல்லலியா?"

"சொல்லியிருப்பேன்."

"எந்தங்கச்சி யாரு சொன்னாலும் நம்புவா. அவளுக்கு அது சும்மாப் பேச்சில்ல, தம்பி. டாக்ஸி நிலையம் வரைக்கும் அவள இழுத்துட்டு வா. வேற ஒண்ணும் வேண்டாம். இன்னைக்கும் அவ வரலேன்னா மறுபடி கூப்பிட எங்களுக்குத் தெம்பு இல்ல. இங்கயே நின்னுக்கிட்டு இருப்பா."

பக்கத்தில் பீன்ஸ் ஊற்றின பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்த மகுபானே கையைத் துடைத்தார். இந்த ஒருமுறை கிண்டல் இல்லை. "போயிட்டு வாடா. குதிக்காத. யார்கிட்டயும் வாயத் தொறக்காத."

மாமா செய்தித்தாளைப் பிரித்தார். காட்டிலந்தைக் கிளை. ஒரு முள் நேராக நீட்டிக்கொண்டிருக்க, பக்கத்து முள் பின்பக்கமாகக் கொக்கி போட்டிருந்தது. அதைக் கம்பியடியில் மணலில் வைத்துக் குனிந்தார். "கோன்ஸெனி, நான் உன் அண்ணன். கொம்புக்காரன் வந்துட்டான் பாரு. வண்டி தயாரா இருக்கு. எந்திரிச்சு வாம்மா." பிறகு கிளையை இரண்டு கையாலும் ஏந்தி வண்டியில் ஏறி, இடப்பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தார். வலப்பக்கம் காலியாக இருந்தது.

வண்டியில் ஆள் உட்கார்ந்தால் பின்பாரம் கூடி, முன்னால் இழுப்பவன் கையிலிருக்கும் ஏர்க்கால் மேலே எழும்பும். ஒருவரா, இருவரா, ஒல்லியா, குண்டா என்று திரும்பிப் பார்க்காமலே கை சொல்லிவிடும். மாமா குச்சி மாதிரி இருந்தார். ஆனால் ஏர்க்கால் எழும்பின எழும்பலில் ஃபலாக்கே முழு எடையையும் போட்டு அமுக்க வேண்டியிருந்தது. இருவர். ஈரக் காற்று, மர வண்டி நீர் குடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். காலையிலிருந்து அதே வண்டியை அதே ஈரத்தில்தான் இழுத்திருந்தான்.

நகர்ந்தார்கள். நோக்வாஸி பின்னால் நடந்தாள்.

அவன் இழுத்ததிலேயே மெதுவான சவாரி அது. மாமாவின் குரல் மட்டும் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது: "இப்ப சோளம் சுடுறவங்களத் தாண்டுறோம் கோன்ஸெனி. இது மணல்ல சிங்கம் செஞ்சு வச்சிருக்காங்க. கொம்புக்காரன் நல்லா இழுக்குறான்."

கிளையைக் கண்டவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு பெண் பிள்ளையை முகம் திருப்பித் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். பலூன்காரன் பலூன்களைக் கீழே இழுத்தான். மேடையில் இருந்தவன் பாட்டைக் குறைத்தான். கூட்டத்துக்கு நடுவே ஒரு மௌனம் வண்டியோடு கூடவே நகர்ந்தது. வண்டி கடந்த பிறகுதான் பின்னால் சத்தம் மெல்லத் திரும்பியது. விஷயம் தெரியாத வெளிநாட்டுக்காரர் இரண்டு பேர் மட்டும், கொம்புக்காரன் ஏன் குதிக்கமாட்டேன் என்கிறான் என்று சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள்.

மேடைக்கு அந்தப் பக்கம் குட்டைச்சுவர். அதில் பச்சை உடுப்புப் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இரு பக்கமும் கடல்தண்ணீர்க் குப்பி. புகையில் அவளுக்குக் கிளை தெரியவில்லைபோல.

"ஏ கொம்புக்காரா!" என்று கூப்பிட்டாள். "காலையிலேர்ந்து பாக்குறேன், எல்லாரையும் ஏத்துற. என்னை எப்ப ஏத்துவ?"

ஃபலாக்கே யோசித்துச் சொல்லியிருந்தால் சொல்லியிருக்கமாட்டான். கை நெஞ்சுக்குப் போனது, தலை திரும்பியது, வாய் பேசியது.

"இங்கயே இருங்க, நகராதீங்க! சுத்திட்டு வந்து உங்களத்தான் ஏத்துவேன்!"

ஏர்க்கால் சட்டென்று கீழே இறங்கியது. கையிலிருந்து யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி. தடுமாறி ஒரு காலை ஊன்றி நின்றான்.

மாமாவால் அவனைத் திட்ட முடியாது. கிளை கையில் இருக்கும்வரை அவர் தங்கச்சியோடு மட்டும்தான் பேசலாம். "இறங்காதம்மா!" என்று கத்தினார். "கோன்ஸெனி, அவன் உன்னைச் சொல்லல! வேற யாரையோ சொல்றான்! இறங்காத, கோன்ஸெனி!"

பிறகு பேச்சு நின்றது. ஃபலாக்கே திரும்பிப் பார்த்தான். வலப்பக்க இருக்கைத் துணியில் ஒரு ஆள் அகலத்துக்கு ஈரம். மாமா கிளையை ஏந்தியபடி அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோக்வாஸி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போயிட்டாங்க," என்றாள். "நகராதேன்னதும் பழைய எடத்துக்கே போயிட்டாங்க. திரும்பவும் நீங்கதாண்ணே சொன்னீங்க."

 வண்டியை அரைவட்டம் திருப்பினான். வந்த வழியே, அதே மௌனத்துக்குள், ஒருவர் எடையோடு கம்பிவரை நடந்தான்.

கம்பியோரம் யாரும் இல்லை. அவ்வளவு கூட்டத்திலும் அந்த இடத்தில் மட்டும் யாரும் சாய்ந்து நிற்கவில்லை. மாமா இறங்கிக் கிளையை மறுபடி மணலில் வைத்துக் கூப்பிட்டார். கெஞ்சினார். ஏர்க்கால் அசையவில்லை.

அண்ணனுக்காகக் கோன்ஸெனி நிற்கவில்லை என்பது அப்போதுதான் ஃபலாக்கேவுக்குப் புரிந்தது. அவளை நிற்கச் சொன்னவன் இன்னும் அவளைக் கூப்பிடவில்லை. வண்டியை மட்டும் கொண்டுவந்து நிறுத்தினான். அவள் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் நம்பாதவன் எப்படிச் சொல்வது? நம்புகிற மாதிரி நடித்தால் இந்தக் குடும்பத்தை ஏமாற்றுவதாகாதா? இப்படியே கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றானோ. போன வருடமும் நம்பிச் சொல்லவில்லையே என்று தோன்றியது. அவள்தானே நம்பினாள்.

ஏர்க்காலை விடாமல் காலியிடத்தைப் பார்த்துக் குனிந்தான். கொம்புகள் கம்பியில் இடித்தன. சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னான்:

"கோன்ஸெனி அம்மா, நான்தான். வர்றேன்னு சொல்லிட்டுப் போனவன். ஒரு வருஷம் நிக்க வச்சிட்டேன். வந்துட்டேன்மா. இனிமே நிக்க வேணாம். ஏறுங்க."

புகை கொஞ்சம் அசைந்தது. அலை ஒன்று வந்து போனது. அவன் கைக்குள் மரம் மெல்ல, மிக மெல்ல எழும்பியது. செருப்பைக் கையில் பிடித்தபடி பழக்கமில்லாத படியில் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து ஏறுகிறவர்களுக்கு எழும்புமே, அப்படி.

மாமா கிளையை எடுத்துக்கொண்டு மறுபடி இடப்பக்கம் ஏறினார். இந்த முறை ஃபலாக்கே பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். குட்டைச்சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. நடைபாதை முடிந்து நகரத் தெருவில் இறங்கினதும் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார்.

"ஏய் கொம்பு! ரிக்‌ஷா இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு தெரியாது? எங்க கெளம்பிட்ட? வாயில என்ன கொழுக்கட்டையா?"

ஃபலாக்கே வாயை இறுக்கிக்கொண்டு அவரையே பார்த்தான். "சார், வண்டியப் பாருங்க," என்றாள் நோக்வாஸி. போலீஸ்காரர் பார்த்தார். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். பிறகு அவரே முன்னால் போய்ச் சந்திப்பில் கார்களை நிறுத்தினார்.

டாக்ஸி நிலையத்தில் டண்டிக்கு ஆள் ஏற்றும் வேன்காரர் விரலை நீட்டிக் கேட்டார். "எத்தனை பேரு?"

"மூணு," என்றாள் நோக்வாஸி.

அவர் எண்ணிப் பார்த்தார். கிளையைப் பார்த்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவனை எழுப்பிப் பின்னால் அனுப்பினார். மாமா இறங்கினார். "இதுதான் டாக்ஸி, கோன்ஸெனி. ஜன்னல்பக்கம் உனக்கு. ராத்திரிக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்." அவர் கால் தரையில் பட்டதும் ஏர்க்கால் ஒரு தடவை தாழ்ந்தது. ஒரு மூச்சு இடைவெளிவிட்டு இன்னொரு தடவை தாழ்ந்தது.

மாமாவால் நன்றி சொல்ல முடியாது. கண்ணால் சொன்னார். வேனில் ஏறப்போன நோக்வாஸி நின்றாள்.

"அண்ணே, சுவத்துல உக்காந்திருந்தவங்ககிட்டயும் சொல்லிட்டீங்க. மறந்துடாதீங்க."

வெறும் வண்டியோடு ஓடினான். கொம்பு ஆட, மணி சிதற, சவாரி கேட்டவர்களை இடித்துத் தள்ளாத குறையாக ஓடினான். புகை விலகி மஞ்சள் வெயில் அடித்தது. குட்டைச்சுவரில் யாரும் இல்லை. இரண்டு குப்பி இருந்த இடத்தில் இரண்டு ஈர வட்டம்.

அடுத்த வாரம் டண்டி வேன்காரர் மூலம் நோக்வாஸியிடமிருந்து சேதி வந்தது: இன்னைக்குப் பெருக்கினேன். எங்க ஊரு செம்மண்ணுதான் வந்துச்சு.

அதற்குப் பிறகு ஃபலாக்கே யாரையும் நிற்கச் சொல்லவில்லை. கைநீட்டினவர்களிடம், "இப்ப முடியாதுங்க, வேற வண்டி பாருங்க" என்றான். நல்ல பருவத்தில் அவன் கூட்டமெல்லாம் அடுத்த வண்டிகளுக்குப் போனது. சாயங்காலமானால் குட்டைச்சுவருக்கு எதிரே காலி வண்டியோடு போய் நின்றுகொண்டான். பச்சை உடுப்பு வரவில்லை.

விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை. மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. மகுபானே அவன் எதிரே வந்து இடுப்பில் கைவைத்தார்.

"பட்டதாரி, இன்னும் யாருக்குடா காவல்? அவ அன்னைக்கே பஸ் ஏறி வீட்டுக்குப் போயி, அந்தத் தண்ணியில வாய் கொப்புளிச்சு, உன்னையும் மறந்திருப்பா."

"போயிருந்தா நல்லதுதாண்ணே."

"அப்புறம் என்ன?"

"அவகிட்ட மட்டுமா சொன்னேன்? ரெண்டு வருஷம். எத்தனை பேரு நின்னாங்களோ, யார் யாரு வீடு போய்ச் சேந்தாங்களோ. எனக்குத் தெரியாதே."

மகுபானே ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தார். அவர் கண் ஃபலாக்கேயின் தோளைத் தாண்டி இருக்கைப் பக்கம் போனது. வாய் திறந்தது திறந்தபடி இருக்க, இரண்டு கையாலும் தன் மகுடத்தைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

ஃபலாக்கேயின் கையில் ஏர்க்கால் எழும்பியது. ஒருவர். கனமில்லை. நனைந்த துணியின் பாரம்தான் அதிகம்.

அவன் திரும்பவில்லை. ஏர்க்காலை அமுக்கிப் பிடித்து, காலை அகட்டி நின்றுகொண்டான்.

"வந்துட்டேன்," என்றான். "சொல்லுங்க, வீடு எந்தப் பக்கம்?"